தார்மி செத்த வியாழக்கிழமை

சுரபாயா
12 மே 1998

அன்புத் தங்கை மிஸ்னாத்திக்கு,

அண்ணன் அதெனான் ஸலாம் சொல்லி எழுதுவது. முதுகுவலி தவிர எனக்கு உடம்புக்குக் குறைவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே எழுதுகிறவனுக்கு அது வராவிட்டால்தான் ஆச்சரியம். நீயும் மாப்பிள்ளை ஸெராதும் சுகந்தானே? ஸெராதின் அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறதா?

ஒரு நல்ல செய்தி. என்னுடைய புது வானொலி நாடகம் வரும் திங்கள் தொடங்குகிறது. திங்கள் முதல் வியாழன் வரை, சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த கையோடு. நம் பக்கத்து நிலையமும் அஞ்சல் செய்கிறது. தோஹிர் மாமாவின் காப்பிக்கடையில் உட்கார்ந்தே கேட்கலாம்.

கதாநாயகி யார் தெரியுமா? உன் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸாவியா அத்தை. தார்மி என்று பேரை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஊரே கண்டால் ஒதுங்குகிற பொம்பளை. மாமரத்தில் கல் எறிகிற பிள்ளைகளைப் பார்த்துக் கை அழுகிப்போகும் என்பாள். ஒரு கோழியை வாங்கிக்கொண்டு, பிரிந்த புருஷனையும் பெண்டாட்டியையும் சேர்த்து வைப்பாள். பொழுது சாய்ந்தால் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுப்பாள். அதைக் கேட்டு நாமெல்லாம் எப்படி ஓடுவோம். ஒருநாள் நான் ஓடாமல் நின்று கேட்டேன். செத்துப்போன தன் பிள்ளைகளைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை அப்படியே நாடகத்தில் வைத்திருக்கிறேன்.

விளம்பரத்தில் 'ஸந்தெத் தெரிந்த தார்மி' என்று போடுகிறார்கள். நான் எழுதியது நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் அர்த்தத்தில். மனசும் மனசும் 'கந்தெத்', அதாவது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளட்டும் என்று கட்டுகிற வசியம். இங்கே இருப்பவர்களுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தாலே ஆளைக் கொல்லும் சூனியந்தான். கேட்கக் கேட்கப் புரிந்துகொள்வார்கள்.

அத்தையிடம் சொல். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை யாரும் சொன்னதில்லை. இனிமேல் ஜாவா முழுக்கச் சொல்லும்.

உன் அண்ணன்
அதெனான்


பன்யுவாங்கி
9 ஜூன் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

மிஸ்னா எழுதிக்கொள்வது. ஸலாம். நாங்கள் சுகம். மாமனாருக்குத்தான் இரைப்பு அப்படியே இருக்கிறது, அவர் தூங்கினால் தெருவுக்கே கேட்கிறது. உன் முதுகுக்கு இஞ்சி அரைத்துப் பற்றுப் போடு. நீ போடமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

உன் நாடகத்தால் தோஹிர் மாமா கடையில் இப்போது உட்கார இடமில்லை. ஆம்பிளைகள் மாட்டைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சந்து முனையில் காவல் கொட்டகை போட்டிருக்கிறார்கள், அங்கேயும் ஒரு சின்ன ரேடியோ. ஜனாதிபதி இறங்கி நாடு கிடக்கிற கிடப்பில் வெளியாள் யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று முறை வைத்துக் காவல். தார்மியை நாத்தனார் துரத்திவிட்ட அன்றைக்குக் கடையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அழுதார்கள்.

கிணற்றடியில் அத்தையிடம் சொன்னேன். "என்னப் பத்தியா? அந்தப் பயலுக்கு வேற பொழப்பில்லையா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் நாடகம் தொடங்கினால் வேலியோரம் வந்து கீரை பறிக்கிற மாதிரி நிற்கிறாள். நேற்றுக் கூப்பிட்டுக் காதோடு சொன்னாள்: "நடிக்கிறவ ஆடு இருமுற மாதிரி இருமுறாடீ. நான் அப்படியா இருமுறேன்? ஒங்கண்ணனுக்கு எழுது. நான் சொன்னேன்னு வேற ஒருத்திகிட்டயும் மூச்சு விடாதே, எளக்காரம் பண்ணுவாளுக."

இன்னொன்று. பஸோரி வந்திருந்தான். அவன் மனைவி சுமி நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வயிறு வீங்கிச் செத்தது உனக்குத் தெரியும். வாசலிலேயே நின்றுகொண்டு, "ஒங்கண்ணன் எழுதுறது நெசமா? அந்தக் கெழவி அடுப்புகிட்ட ஒக்காந்து பேர் சொல்லிக் கூப்பிடுறது?" என்றான்.

"கதைதானேப்பா" என்றேன்.

"கதைன்னா பேர எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை
மிஸ்னா


சுரபாயா
17 ஜூன் 1998

அன்பு மிஸ்னாவுக்கு,

ஸலாம். இஞ்சிப் பற்றுப் போட்டேன், நம்பு. எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று படித்ததில் நிம்மதி.

அத்தையின் குறையை நடிகையிடம் சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். அவளுக்கு அந்த இருமலில்தான் பெருமை.

பஸோரியிடம் தைரியமாகச் சொல். நிஜந்தான், நானே காதால் கேட்டது. ஸாவியா அத்தையின் மூத்த பெண் பேர் சுமி. அம்மை கண்டு போனவள். அவளுக்கு அடுத்தவன் ஹாஸிம். "சுமி, வா, சோறு ஆறுது" என்றுதான் அவள் தினமும் கூப்பிடுவாள். பஸோரியின் மனைவி பேரும் அதுதானே. தான் பறிகொடுத்த அதே பேரை இன்னொருத்தியும் அழைத்து அழைத்து மாய்ந்துபோகிறாள் என்று தெரிந்தால் அவன் மனசு இளகும். துக்கப்பட்டவனுக்குத்தான் இன்னொருவர் துக்கம் புரியும். நான் இந்த நாடகமே அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தோஹிர் மாமாவுக்கும் மற்றவர்களுக்கும் என் ஸலாம்.

அண்ணன்
அதெனான்


பன்யுவாங்கி
5 ஜூலை 1998

அண்ணா,

ஸலாம். உடம்புக்கு எல்லோரும் சுகந்தான். மனசுக்குச் சுகமில்லை. இந்தக் கடிதத்தை ஸெராதின் சித்தப்பா மகன் மிஸ்கான் கையில் கொடுத்தனுப்புகிறேன். மீன் லாரி இந்த வாரம் சுரபாயா வரை வருகிறது. தபாலில் எதுவும் எழுதாதே. தபால் எல்லாம் தோஹிர் மாமா கடை வழியாகத்தான் போய் வருகிறது. வருகிற கடிதத்தை அவர் பிரித்துக் கடையில் சத்தமாகப் படிக்கிறார். கெட்ட எண்ணத்தில் இல்லை, ரேடியோவில் வருகிறவன் நம் ஊர்க்காரன் என்ற பெருமையில். போகிற கடிதத்தை என்ன செய்கிறாரோ தெரியாது.

நீ சுமி என்று எழுதியதை நான் படிப்பதற்கு முன்னாலேயே ஊர் கேட்டுவிட்டது. ஸெராத் அங்கே இருந்தான். அந்தப் பேர் வந்ததும் பஸோரி காப்பித் தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னானாம்: "கேட்டீங்கல்ல? அவளுக்கு ஸந்தெத் தெரியும்னு ரேடியோவுலயே சொல்றான். சுமின்னு தெனம் கூப்பிட்டாளாம். கூப்பிட்டா. இவ போயிட்டா."

அது அவளுடைய மகள் என்று ஸெராத் சொல்லிப் பார்த்தான். "செத்த புள்ளைய எவ சாப்பிடக் கூப்பிடுவா?" என்று பதில் வந்தது. வயசான ஒருத்தர் மட்டும் கந்தெத் அது இது என்று ஏதோ தொடங்கினார். அந்தச் சொல்லை இப்போது யார் கேட்கிறார்கள், அண்ணா. பையன்கள் சிரித்தார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் சுளுக்கு எடுக்கிற ஒரு பெரியவரைப் போன வாரம் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டுபோய் அடித்தே கொன்றுவிட்டார்கள். முகத்தில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள் என்கிறார்கள். யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. நம் சந்து முனைக் கொட்டகை வெளியாளைத் தடுக்கத்தான் போட்டது. இப்போது பஸோரிதான் அங்கே எல்லாம். பெஞ்சை அத்தை வீட்டுப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அவள் சந்தைக்குக் கிளம்பினால், "எங்க போற?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஸெராதும் முறைக்குப் போய் உட்காருகிறான். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும்.

தார்மியை மாற்று. கெட்டவளாக்கு. வேறு தீவில் பிறந்தவள் என்று சொல். பிள்ளை பெறாதவள் என்று சொல். எதுவும் முடியாவிட்டால் நாடகத்தை நிறுத்து. பொழுது சாய்ந்தால் என் காது வேலிக்கு அந்தப் பக்கந்தான் இருக்கிறது, சோறு வடிக்கும்போது கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டேன்.

மிஸ்னா


சுரபாயா
8 ஜூலை 1998

மிஸ்னா,

ஸலாம். மிஸ்கான் லாரியை நிறுத்திவிட்டு வாசலில் நிற்கிறான், அவசரமாக எழுதுகிறேன். காலில் கொட்டியது கொப்புளமாகிவிட்டதா? கற்றாழை வை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். ஆனாலும் நான் சொல்வதைக் கேள். இப்போது தார்மியைக் கெட்டவளாக்கினால், பஸோரி சொன்னது சரிதான் என்று நானே ஊரறியச் சொன்னதாகிவிடும். நிறுத்தினால், உண்மை வெளிவந்ததும் வாயை மூடிக்கொண்டான் என்பார்கள். நிலையத்துக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வருகிறது. பக்கத்து வீட்டுக் கிழவியிடம் பல வருஷம் பேசாதவர்கள் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததாக எழுதுகிறார்கள். மனுஷன் மாறுகிறான், மிஸ்னா.

பஸோரிக்காகவே ஒரு பகுதி எழுதப்போகிறேன். மனைவியை இழந்த ஒருவன் தார்மி வீட்டுக்கு ஆத்திரத்தோடு போய், அவள் கூப்பிடுவதைக் கேட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறான். அதைக் கேட்டு அவன் அழாமல் இருக்கமாட்டான். அழுகிறவன் அரிவாளைத் தூக்கமாட்டான்.

நான் ஊருக்கு வரட்டுமா? வந்து எல்லோரையும் உட்காரவைத்துப் பேசட்டுமா? சொல்லியனுப்பு.

அதெனான்


பன்யுவாங்கி
20 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

மிஸ்னா ஸலாம் சொல்லி எழுதுவது. இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். கால் ஆறிவிட்டது. நீ இப்போது ஊருக்கு வர வேண்டாம். பயண அலைச்சல் உன் முதுகுக்கு ஆகாது.

ஸாவியா அத்தை வீட்டில் இல்லை. எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பஸோரியும் மற்றவர்களும் ஆற்றங்கரை, மூங்கில் தோப்பு எல்லாம் தேடிவிட்டார்கள். தோஹிர் மாமா என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? வேலிக்கு இந்தப் பக்கம் என் வேலையே எனக்குச் சரியாக இருக்கிறது.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. நான் உண்டாகியிருக்கிறேன். வெற்றிலை பக்கமே போகாத எனக்கு இப்போது வெற்றிலை பாக்கு இல்லாமல் முடியவில்லை. தினம் கடையில் போய் வாங்குகிறேன். "யாரு வீட்ல வெத்தல போடுறது?" என்று தோஹிர் மாமா கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது, சொல்லிவிட்டேன். அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அரிசியும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பிள்ளைத்தாய்ச்சி இரண்டு பேருக்குச் சாப்பிடுவாள்தானே.

நேரத்துக்குத் தூங்கு.

தங்கை
மிஸ்னா


சுரபாயா
26 ஆகஸ்ட் 1998

என் அருமை மிஸ்னா,

அல்ஹம்துலில்லாஹ். கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். இத்தனை வருஷம் நீ எத்தனை வைத்தியம் பார்த்தாய், எத்தனை பேர் பேச்சைத் தாங்கினாய். அம்மா இருந்திருந்தால் தெருவில் நின்று கூவியிருப்பாள். பாரம் தூக்காதே, கிணற்றில் தண்ணீர் இறைக்காதே, ஸெராதை இறைக்கச் சொல். தோஹிர் மாமா, நல்ல இளம் வெற்றிலையாகப் பார்த்து அவளுக்குக் கொடுங்கள்.

பிள்ளையைத் தோளில் கட்டித் தூக்க ஒரு பாத்திக் துணி வாங்கியிருக்கிறேன். மிஸ்கானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தையைப் பற்றி ஏதாவது தெரிந்தால் எழுது. எனக்கு ராத்தூக்கம் இல்லை.

அண்ணன்
அதெனான்


பன்யுவாங்கி
6 செப்டம்பர் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். உன் தூக்கத்தைப் பற்றித்தான் கவலை. இங்கே நாங்கள் சுகம். துணி வந்து சேர்ந்தது. ரொம்ப நல்ல துணி, நீளமாக இருக்கிறது. ஒரு பெரிய ஆளையே போர்த்தலாம்.

என் வயிற்றில் இருப்பது லேசான பிள்ளை இல்லை. அதற்கு உன் நடிகையின் இருமல் ஆகவில்லை. ஆட்டு இருமல், ஆட்டு இருமல் என்று ஒரே உதை. மிளகாய் அரைத்த சாம்பாலில் உப்புப் போதவில்லை என்றால் அதற்கும் உதை.

கொட்டகை ரேடியோ பேட்டரி இல்லாமல் கிடக்கிறது. யாரும் வாங்கிப் போடவில்லை. அதனால் நாடகம் வரும்போது காவல்காரர்களும் கடைக்கே போய்விடுகிறார்கள். ஆனால் விளம்பரம் வந்தால் உடனே கொட்டகைக்குத் திரும்பிவிடுகிறார்கள், சிறுநீர் கழிக்கவும் பீடி பற்றவைக்கவும் எழுந்துகொள்கிறார்கள். போன வியாழக்கிழமை மிஸ்கான் லாரி வந்தபோது அப்படித்தான், பாதியில் எழுந்துவந்து லாரியைச் சுற்றி நின்று மீன் விலை கேட்டார்கள்.

கடைசிப் பகுதியை வியாழக்கிழமை வைப்பாயா? மிஸ்கானுக்கும் கேட்க ஆசை. நடுவில் விளம்பரம் வேண்டாம். நீளமாக இருக்கட்டும். ஒருத்தனும் இடத்தை விட்டு அசையக் கூடாது. அந்தக் காலத்தில் பெரியவர்கள் சொல்வார்களே கந்தெத் என்று, அப்படிச் செய். எல்லாரையும் ரேடியோவோடு ஒட்டிப் போடு, அண்ணா. பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்கிறேன், இல்லை என்று சொல்லாதே.

தங்கை
மிஸ்னா


சுரபாயா
12 செப்டம்பர் 1998

அன்பு மிஸ்னாவுக்கு,

ஸலாம். நான் நன்றாக இருக்கிறேன். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிள்ளையின் உதை எனக்கும் இங்கே விழுந்தது. சந்தோஷத்தில் வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

கடைசிப் பகுதி இருபத்துநாலாம் தேதி, வியாழக்கிழமை. இரண்டு பகுதிகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நடுவில் விளம்பரம் இல்லை. விளம்பரக்காரர்கள் குதித்தார்கள், தயாரிப்பாளர் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கினேன். தார்மி அன்றைக்குச் செத்துவிடுவாள். யார் வீட்டில், யார் மடியில் என்பதைக் கடைசி வரைக்கும் சொல்லப்போவதில்லை. எழுந்து போகிறவனுக்கு அது தெரியாமலே போய்விடும். எல்லோரும் உட்கார்ந்து கேட்கட்டும்.

இதுவரை நான் எழுதியதெல்லாம் ஜனங்கள் நல்லவர்களாக வேண்டும் என்று. இது ஒன்றுதான் அவர்கள் அசையாமல் இருக்கட்டும் என்று எழுதியது.

உள்ளே இருப்பவரிடம் சொல், இருமலை எடுத்துவிட்டேன்.

அண்ணன்
அதெனான்


சுரபாயா
6 அக்டோபர் 1998

அன்பு மிஸ்னா,

ஸலாம். எல்லோரும் சுகமா? அந்த வியாழக்கிழமை போய் எத்தனை நாளாயிற்று, ஒரு வரி இல்லை. நாடகம் உனக்குப் பிடித்திருந்ததா? நன்றாக இருந்தது என்று மட்டுமாவது எழுதிப் போடு. பத்திரிகையில் பன்யுவாங்கி என்று பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன், பிறகு மறுபடியும் திருப்பிப் பார்க்கிறேன்.

அதெனான்


பன்யுவாங்கி
14 அக்டோபர் 1998

அண்ணா,

ஸலாம். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். மாமனாருக்கு இரைப்பு கூடிவிட்டது. இது மிஸ்கான் கையில் வருகிறது, அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அத்தை ஆகஸ்டிலிருந்து எங்கள் அடுப்படிப் பரணில்தான் இருந்தாள். நான் போய்க் கூட்டிவரவில்லை. ஒருநாள் சாயங்காலம் வேலியைத் தாண்டி அவளே வந்து, "ஒங்கண்ணன் செஞ்ச வேலை. நீ சோறு போடு" என்று உட்கார்ந்துவிட்டாள். நன்றி கின்றி ஒன்றும் கிடையாது. சாம்பாலில் உப்பில்லை என்பாள், ஸெராதை மந்தம் என்பாள், வெற்றிலை இல்லாவிட்டால் பரணிலிருந்து பலகையைத் தட்டுவாள். அந்த வெற்றிலையை மறைக்கத்தான் நான் பிள்ளை என்று பொய் சொன்னேன். உன் பலகாரத்தை நினைத்து நினைத்து அழுதேன்.

நீ அவளை நல்லவளாக்கிவிட்டாய். அவள் நல்லவள் இல்லை, அண்ணா. பரணில் உட்கார்ந்துகொண்டே பஸோரி மேல் சாபம் விட்டாள். அப்படிப்பட்டவளையும் விட்டுவைக்கணும், அவ்வளவுதான். அதை ரேடியோவில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது.

கொட்டகை பேட்டரியை எடுத்தது ஸெராத். வியாழக்கிழமை எல்லோரும் கடையில் இருந்தார்கள். மிஸ்கான் எங்கள் கொல்லையில் லாரியை நிறுத்தினான். உன் பாத்திக் துணியைத் தலையோடு போர்த்தி, மீன் கூடைகளுக்கு நடுவில் படுக்கவைத்துத் தார்ப்பாய் போட்டோம். போகிற வழி கடை வாசல்தான், வேறு வழியில்லை. மிஸ்கான் லாரி ரேடியோவிலும் நாடகத்தைச் சத்தமாக வைத்தான். நான் கடையின் ஓரமாக வெற்றிலை வாங்குகிறவள் போல நின்றேன். லாரி கைக்கெட்டும் தூரத்தில் போயிற்று. ஒருத்தன்கூடத் தலையைத் திருப்பவில்லை. உள்ளே தார்மி, "சுமி, வா, சோறு ஆறுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பஸோரி கைலியால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

நாடகம் முடிந்தது. பஸோரி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அரிவாளை எடுத்தான். "வாங்கடா, அந்தக் கெழவி வீட்டுக்கு வந்திருக்காளான்னு பாப்போம்" என்றான். கண்ணீர் காயவில்லை, அண்ணா. போய்ப் பார்த்துவிட்டு வெறும் வீட்டைக் கொளுத்தினார்கள். மாமரமும் எரிந்துபோயிற்று. அழுகிறவன் அரிவாளைத் தூக்கமாட்டான் என்று எழுதியிருந்தாய். அழுதுகொண்டே தூக்குகிறான்.

அத்தை கப்பலேறிப் பாலிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். மிஸ்கானுக்குத் தெரிந்தவர்கள் வீட்டில் பூக்கட்டுகிறாளாம். துறைமுகத்தில் இறங்கும்போது அவனிடம் ஒன்று சொன்னாளாம்: "இந்தத் தடவ இருமல் இல்ல. நல்லாத்தான் செத்தேன்." நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

இப்போது என் கதை. பஸோரியின் அம்மா வந்து என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "எங்கடீ?" என்றாள்.

"கலைஞ்சுபோச்சு" என்றேன்.

"எங்க பொதைச்சே? வெளக்கு வைக்கலையே."

கலைந்தது சின்னதாக இருந்தாலும் வீட்டு ஓரமாகப் புதைத்து விளக்கு வைப்பதுதானே நம் வழக்கம். அதை நான் மறந்தே போனேன். இல்லாத பிள்ளைக்கு விளக்கு வைக்க யாருக்கு ஞாபகம் வரும்? அன்றைக்கே ஸெராத் ஜன்னலுக்குக் கீழே குழி வெட்டி மூடினான். நான் விளக்கை ஏற்றி வைத்தேன். ஒன்றுமில்லாத மண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து அப்படி அழுதேன், ஸெராத் பயந்துவிட்டான். அந்த அழுகை மட்டும் பொய்யில்லை.

நேற்றுக் காலையில் எழுந்து பார்த்தால் விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு யாரோ அந்த இடத்தைத் தோண்டியிருக்கிறார்கள். தோண்டியவர்கள் அங்கே என்ன பார்த்திருப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையை எந்த ஸந்தெத்துக்கு, யாருக்குப் பலி கொடுத்தேன் என்று கிணற்றடியில் பேச்சு. நான் போனதும் நின்றுவிடுகிறது. கொட்டகையில் புது பேட்டரி போட்டுவிட்டார்கள், ஸெராத் மறுபடியும் எடுக்கப் பார்க்கிறான். பெஞ்சை எங்கள் வீட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

உனக்குப் புது நாடகம் ஏதாவது இருந்தால் சீக்கிரம் தொடங்கு. முதல் பகுதி வியாழக்கிழமையாக இருக்கட்டும். மாமனாரையும் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கவைக்க வேண்டும், அவருடைய இரைப்பு வெளியே கேட்கும். அதனால் கடலும் புயலுமாக, நல்ல இரைச்சலாக எழுது. யாரைப் பற்றி வேண்டுமானாலும் எழுது. என்னை மட்டும் எழுதிவிடாதே.

தங்கை
மிஸ்னா